பழைய லாரிக்குப் பெரிய எஞ்சின்



பாலக்காட்டுக் கணவாயின் இருபுறத்து மலைகளிலும், இடுக்கியின் ஏலமலைகளிலும் வாழ்கின்றவர்களுக்கு நன்கு பழக்கமான ஒரு வேலையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். பெரிய தொழிற்சாலை எதுவும் இதற்கு வேண்டுவதில்லை. வீட்டு முற்றத்தில் மூன்று கனத்த இரும்புக் குழாய்களை முக்காலிபோல் கூட்டி நிறுத்துவார்கள். அல்லது வைரம் பாய்ந்த பலாமரக் கிளையொன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டு, பழைய வண்டியின் தேய்ந்துபோன எஞ்சினைத் தூக்கி வெளியே வைப்பார்கள். அதனினும் பெரிய வேறோர் எஞ்சினை அந்த இடத்தில் இறக்கிப் பூட்டுவார்கள். இரண்டு மூன்று வாரம் இரவும் பகலும் உழைத்தபின் வண்டி உறுமிக்கொண்டு புறப்படும். நேற்றுவரை முனகி முனகி ஏறிய ஏற்றத்தை இன்று சிரமமின்றி ஏறும். பார்ப்பவர்கள் வியப்பார்கள், செய்தவர்கள் பெருமை கொள்வார்கள். அந்தப் பெருமையும் நியாயமானதுதான்.

சென்னையை விட்டும் மதுரையை விட்டும் தொலைவில், மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் உங்களுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. போடியிலும், கம்பத்திலும், கொழிஞ்சாம்பாறையிலும், வண்டிப்பெரியாற்றிலும் இருக்கும் தம்பியோ மைத்துனனோ ஒருநாள் உங்களுக்கு எழுதுகிறான்: "வண்டி இழுக்கவில்லை, நல்ல எஞ்சின் ஒன்று வந்திருக்கிறது, பணம் அனுப்பினால் மாற்றிவிடலாம்" என்று. நீங்களும் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை அனுப்புகிறீர்கள். அந்தப் பணம் எதற்குப் போகவேண்டும், எதற்குப் போகாமல் நின்றுவிடுகிறது என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் அந்த வண்டியில் ஏறிச் செல்பவர்கள் நம் உறவினர்கள்.

மலையில் சுமை இறக்குவது எவ்வளவு பெரிய கலை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பரம்பிக்குளத்துத் தேக்கு மரத்தைச் சமவெளிக்குக் கொண்டுவரக் கொச்சி அரசு ஒரு சிறு இருப்புப்பாதை அமைத்தது. 1907ஆம் ஆண்டு தொடங்கி 1963 வரை அது ஓடியது. பரம்பிக்குளத்துக் காட்டிலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளம். அந்தப் பாதையில் செங்குத்தான சரிவுகள் சில இருந்தன. அங்கே எஞ்சினை நம்பவில்லை, கம்பிவடத்தை நம்பினார்கள். வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி கீழே இறங்கும். அதன் பாரமே மறுமுனையிலுள்ள வெற்று வண்டியை மேலே இழுத்துவிடும். வேகம் மிகாதபடி மேலிருந்து தடை போட்டுக்கொண்டே இருப்பார்கள். இறங்கும் பாரத்தை அடக்குவது எப்படி என்பதுதான் அந்தப் பொறியாளர்களின் முதற்கேள்வி. அதற்கு விடை கண்ட பிறகே பாதை போட்டார்கள்.

இன்றைய இடுக்கி மாவட்டத்திலும் இதுபோன்றதொரு வரலாறு உண்டு. மூணாறு தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டே கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கி, பிறகு போடிநாயக்கனூரை அடைந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்துவிட்டது. பாதைகள் போனபின் சாலைகள் வந்தன. சாலைகளோடு லாரிகள் வந்தன. இறக்கத்தின் பொறுப்பு முழுவதும் அன்றுமுதல் ஓட்டுநரின் வலது காலுக்கு வந்து சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இராணுவம் பல வண்டிகளைக் கழித்து ஏலத்தில் விற்றது. அவற்றுள் கனடா நாட்டில் செய்யப்பட்ட ஃபோர்டு, செவர்லே லாரிகள் காட்டு வேலைக்கு மிகவும் ஏற்றவையாக இருந்தன. போர்க்காலத்தில் கனடாவில் அவ்வகை வண்டிகள் நான்கு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன என்பது வரலாறு. தட்டையான முகமும், குட்டையான மூக்கும், உயர்ந்த சக்கரங்களும் கொண்ட வண்டிகள். பாலைவனத்து மணலில் உழைத்த நான்கு சக்கர இழுவை, நம் மேற்குமலையின் சேற்றிலும் பயன்பட்டது. கேரளத்துக் காட்டுக் கூப்புகளில் மரம் இழுக்க அவை பல பத்தாண்டுகள் உழைத்தன. போரில் சில ஆண்டுகள் ஓடினால் போதும் என்று செய்யப்பட்ட வண்டி, நம் பட்டறைக்காரர்களின் கையில் பேரன் காலம்வரை வாழ்ந்தது என்றால், அது அவர்களுடைய திறமைக்குச் சான்று.

அந்த வண்டிகளோடு வந்தவை பெட்ரோல் எஞ்சின்கள். ஃபோர்டில் எட்டு உருளை கொண்ட 3.9 லிட்டர் எஞ்சின், 95 குதிரைத்திறன். செவர்லேயில் ஆறு உருளை கொண்ட 3.5 லிட்டர் எஞ்சின், 85 குதிரைத்திறன். உழைப்பில் குறையில்லை, ஆனால் பெட்ரோலைத் தண்ணீராய்க் குடித்தன. டீசல் எஞ்சின் அதே வேலையை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எண்ணெயில் செய்துவிடும். எனவே பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சினை வைக்கும் வழக்கம் பரவியது. இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரத்துப் பெர்க்கின்ஸ் நிறுவனத்தின் 'பி-6' எஞ்சின் அதற்குப் பெயர்பெற்றது. அந்த எஞ்சினைச் சென்னைச் சிம்சன் நிறுவனம் பின்னர் நம் நாட்டிலேயே தயாரித்தது. 1954க்குப் பிறகு ஜாம்ஷெட்பூரிலிருந்து டாட்டா மெர்சிடிஸ் லாரிகளும், 1955க்குப் பிறகு எண்ணூரிலிருந்து அசோக் லேலண்டு லாரிகளும் வரத்தொடங்கின. அவை பழையனவான பிறகு அவற்றின் டீசல் எஞ்சின்களும் பழைய இரும்புக் கடைகளில் கிடைத்தன.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். எஞ்சின் பெரியது என்றால் திறனும் பெரியது என்று நாம் எண்ணிவிடுகிறோம். பி-6 எஞ்சினின் கொள்ளளவு 4.73 லிட்டர், செவர்லே எஞ்சினைவிட ஒன்றேகால் லிட்டர் அதிகம். ஆனால் அதன் திறன் 83 குதிரைத்திறன்தான். அப்படியானால் வேறுபாடு எங்கே? சுழற்சியின் வேகத்தில். செவர்லே எஞ்சின் தன் முழுத்திறனைத் தர நிமிடத்துக்கு ஏறத்தாழ 3300 முறை சுழலவேண்டும். பி-6 எஞ்சினோ 2400 முறை சுழன்றாலே தந்துவிடும். குறைந்த வேகத்தில் அது அழுத்தி இழுக்கிறது. ஓடுகிற குதிரைக்கும் ஏர் இழுக்கிற எருதுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து எத்தனை மாற்றங்கள் பிறக்கின்றன என்று பாருங்கள். பின் அச்சின் பற்சக்கரங்களை மாற்றாமல் எஞ்சினை மட்டும் மாற்றினால், முன்பு மணிக்கு 70 கிலோமீட்டர் ஓடிய வண்டி ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. எஞ்சின் அதற்குமேல் சுழலாது. அதைச் சுழற்றவும் கூடாது. டீசல் எஞ்சின் கனமானது. எனவே முன்வில் தாழும், திருப்புவளையம் கனக்கும். ஃபோர்டின் எட்டு உருளை எஞ்சின் அகலமும் குட்டையுமானது. ஆறு உருளை வரிசை எஞ்சினோ நீண்டு ஒடுங்கியது. அந்த இடத்தில் இதை வைத்தால் ரேடியேட்டருக்கு இடம் போதாது. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி முன் அச்சின்மேல் இடிக்கும். எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளினால் இழுவைத் தண்டின் நீளத்தைக் குறைக்கவேண்டும். அதன் கோணம் மாறும். கோணம் தவறினால் அதன் மூட்டுகள் சில மாதங்களில் தேய்ந்து உடையும்.

எல்லாவற்றிலும் நுட்பமானது எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் இணைக்கும் தட்டு. ஒரு நிறுவனத்தின் எஞ்சினுக்கும் மற்றொரு நிறுவனத்தின் கியர்ப் பெட்டிக்கும் திருகாணித் துளைகள் ஒத்துவருவதில்லை. எனவே கனத்த இரும்புத் தட்டொன்றை லேத்தில் கடைந்து இடையில் வைக்கிறார்கள். எஞ்சினின் நடு அச்சும் கியர்ப் பெட்டியின் நடு அச்சும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். ஒரு தலைமயிரின் பருமனுக்கு மேல் விலகினால் கிளட்ச் அதிரும், பேரிங் உறுமும், ஒருநாள் கியர்த் தண்டே முறியும். தேர்ந்த பட்டறைக்காரர் கண்ணை நம்பமாட்டார். அளவுமானியை வைத்துச் சுழற்றிப் பார்த்த பின்னரே திருகாணியை இறுக்குவார். நல்ல வேலைக்கும் அவசர வேலைக்கும் உள்ள வேற்றுமையை இந்த ஓரிடத்தில் கண்டுகொள்ளலாம்.

இவ்வளவையும் நம்மவர்கள் செய்துவிடுகிறார்கள். ஏற்றத்துக்கு வேண்டிய அனைத்தையும் எண்ணிச் செய்கிறார்கள். ஆனால் ஏறிய வண்டி இறங்கவும் வேண்டுமே! பலரும் மறந்துவிடுவது அதைத்தான்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் உயர வேறுபாடு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். சுமையோடு சேர்த்து ஆறு டன் எடையுள்ள ஒரு லாரி, பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு ஏறத்தாழ 50 குதிரைத்திறன் போதும். அந்தப் பழைய 85 குதிரைத்திறன் எஞ்சினே நல்ல நிலையில் இருந்தால் இதைச் செய்துவிடும். உயரம் கூடக் காற்று மெலிந்து எஞ்சினின் திறன் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் செய்துவிடும். ஆகவே ஆறு டன்னுக்காக யாரும் எஞ்சினை மாற்றுவதில்லை. பத்து டன் ஏற்றவேண்டும், அல்லது இருமடங்கு வேகத்தில் ஏறவேண்டும் என்ற ஆசைதான் மாற்றச் சொல்கிறது.

அதே ஆறு டன் லாரி இறங்கும்போது என்ன நடக்கிறது? ஏறும்போது எஞ்சின் செலவிட்ட சக்தி முழுவதையும் மலை திருப்பித் தருகிறது. அந்தச் சக்தி எங்கேயாவது வெப்பமாகப் போய்த் தீரவேண்டும். ஆயிரம் மீட்டர் இறக்கத்தில் வெளிப்படும் அந்த வெப்பம், ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கல்யாண வீட்டு அண்டாக்கள் இரண்டை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைக்கும் வெப்பத்தை, அரைமணி நேரத்தில் நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்களும் எஞ்சினும் காற்றுமாகச் சேர்ந்து தாங்கவேண்டும். பத்து டன் ஏற்றினால் அண்டாக்கள் மூன்றுக்கு மேல் ஆகிவிடும். எஞ்சினை மாற்றியவர்கள் டிரம்மை மாற்றினார்களா? இல்லையென்றால் அந்த மிகுதி வெப்பம் எங்கே போகும்?

டிரம் காய்ந்தால் விரிகிறது. உள்ளிருக்கும் பிரேக் கட்டையை விட்டு விலகுகிறது. கட்டையின் மேற்பூச்சும் வெப்பத்தில் பிடிப்பை இழக்கிறது. ஓட்டுநர் மேலும் மேலும் மிதிக்கிறார், வண்டி கேட்பதில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. பொதுவாகப் பயன்படும் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிப் பழையதானபின் 140 பாகையிலேயே கொதித்துவிடும். கொதித்தால் குழாய்களில் ஆவிக் குமிழிகள் தோன்றும், மிதி தரைவரை தாழும், பிடி இராது. மழைநாடாகிய மேற்குமலையில் பிரேக் எண்ணெயை ஆண்டுக்கொருமுறை மாற்றுவது எவ்வளவு அவசியம் என்பது இதனால் விளங்கும்.

அனுபவமிக்க மலை ஓட்டுநர்களிடையே ஒரு பழைய விதி உண்டு: ஏறிய கியரிலேயே இறங்கு. மிகவும் நல்ல விதி. இரண்டாம் கியரில் ஏறிய ஏற்றத்தை இரண்டாம் கியரிலேயே இறங்கினால், எஞ்சினே வண்டியைப் பின்னிருந்து இழுத்துப்பிடிக்கும். பிரேக்குக்குப் பாதி வேலை மிஞ்சும். ஆனால் பெரிய எஞ்சின் வைத்தபின் இந்த விதியே நம்மை ஏமாற்றத் தொடங்குகிறது. புதிய எஞ்சின் அதே ஏற்றத்தை மூன்றாம் கியரில் எளிதாக ஏறிவிடுகிறது. ஓட்டுநர் பழைய விதிப்படி மூன்றாம் கியரில் இறங்குகிறார். எஞ்சினின் பிடி தளர்கிறது, வேகம் மிகுகிறது, பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழுகிறது. விதி அவ்வாறே இருக்கிறது, வண்டி மாறிவிட்டது. முப்பது ஆண்டு அனுபவமுடையவரும் இங்கே தவறிவிடக்கூடும். அவருடைய கைக்கும் காலுக்கும் பழக்கமானது பழைய எஞ்சின் அல்லவா? ஆதலால் எஞ்சினை மாற்றிய வண்டிக்கு விதியையும் மாற்றிச் சொல்லவேண்டும்: பழைய எஞ்சின் எந்தக் கியரில் ஏறியதோ, அந்தக் கியரில் இறங்கு; சுமை கூடியிருந்தால் அதனினும் ஒரு கியர் குறைத்து இறங்கு.

இன்னொரு கண்ணியும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. பல வண்டிகளில் பிரேக்கை மிதிக்கும் காலுக்குத் துணையாக ஒரு வெற்றிடக் கருவி இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில், இறக்கத்தில் காலை எடுத்தவுடன் காற்றுவழி அடைபட்டு வெற்றிடம் தானே உண்டாகும். அந்த வெற்றிடம் பிரேக்குக்குத் துணை செய்யும். பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் காற்றுவழி எப்போதும் திறந்தே இருக்கிறது; வெற்றிடம் உண்டாவதில்லை. எனவே தனியாக ஒரு வெற்றிடப் பம்பு வைக்கவேண்டும். மாற்றுகிறவர்கள் அதை வைக்காமல் விட்டாலோ, வைத்த பம்பின் பட்டை அறுந்தாலோ, ரப்பர்க் குழாய் வெடித்திருந்தாலோ, சமதரையில் ஓட்டிப் பார்க்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. காலை இன்னும் சற்று அழுத்தினால் வண்டி நிற்கும். பாரத்தோடு ஒன்பதாம் வளைவில் நிற்கும்போதுதான் அந்தக் குறை தெரியும்.

லாரியைப் பற்றிச் சொன்னது ஜீப்புக்கும் பொருந்தும். சொல்லப்போனால் ஜீப்புக்கு மேலும் பொருந்தும்; ஏனெனில் அது மரத்தைச் சுமக்கவில்லை, மனிதர்களைச் சுமக்கிறது. தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, போடிமெட்டு வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் சென்று திரும்புகிறார்கள் நம் தமிழ்ப் பெண்கள். அவர்களை ஏற்றிச்செல்வது ஜீப்பு. ஏலக்காய் பறிக்கும் பருவத்தில் உரிய எண்ணிக்கைக்கு மேலும் ஏற்றப்படுகிறார்கள் என்பது யாவரும் அறிந்ததே. அந்தச் சாலைகளில் நேர்ந்த விபத்துகளைச் செய்தித்தாள்களில் நாம் பலமுறை படித்திருக்கிறோம்.

பழைய மகீந்திரா ஜீப்புகளில் இருந்தது வில்லிஸ் வகைப் பெட்ரோல் எஞ்சின், கொள்ளளவு 2.2 லிட்டர். பின்னர் பிரெஞ்சு நாட்டுப் பெஷோ நிறுவனத்தின் வடிவமைப்பில் அமைந்த 2112 கனசென்டிமீட்டர் டீசல் எஞ்சினும், அதன்பின் 2523 கனசென்டிமீட்டர் டீசல் எஞ்சினும் மகீந்திரா வண்டிகளில் வந்தன. பழைய பெட்ரோல் ஜீப்பு வைத்திருந்தவர்கள் இந்த டீசல் எஞ்சின்களை வாங்கித் தங்கள் வண்டியில் பொருத்திக்கொண்டார்கள். செலவு குறைந்தது; இழுவை கூடியது. இழுவை கூடியதும் இருக்கைகள் நீண்டன. இருக்கைகள் நீண்டதும் ஆட்கள் கூடினார்கள். சிறிய எஞ்சின் ஒருவகையில் காவலனாக இருந்தது. அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் 'என்னால் முடியாது' என்று அது மலைமேல் ஏறாமலே நின்றுவிடும். பெரிய எஞ்சின் அப்படிச் சொல்வதில்லை. எத்தனை பேரை ஏற்றினாலும் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். மாலையில் அத்தனை பேரையும் கீழே கொண்டுவர வேண்டியது பிரேக்கு.

யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று நம் ஊரில் கேட்பார்கள். எஞ்சின் யானை, பிரேக்குதான் அங்குசம். யானைக்கு இலட்சம் ரூபாய் கொடுத்தவர் அங்குசத்துக்குச் சில ஆயிரம் செலவிடத் தயங்கினால், அவர் யானையை வாங்கவில்லை, ஆபத்தை வாங்கியிருக்கிறார்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியைச் செய்த நிறுவனம் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கும் மாறுபாடு உண்டாகும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. எரிபொருளை மாற்றுவதானால், அதற்கென்று அங்கீகாரம் பெற்ற கருவித் தொகுதியை விதிப்படி பொருத்தவேண்டும். அனுமதி பெறாமல் எஞ்சினை மாற்றியிருந்தால் பதினான்கு நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம், நிறுவனம் செய்தளித்த அமைப்பை மாற்றுவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்க வழிசெய்தது.

சுருங்கச் சொன்னால், அதே நிறுவனத்தின் அதே வகை எஞ்சினை அலுவலகத்துக்கு விண்ணப்பித்து மாற்றிக்கொள்வது ஒன்று. முற்றத்தில் வேறொரு பெரிய எஞ்சினை மாட்டிக்கொண்டு ஓட்டுவது மற்றொன்று. முன்னதற்கு வழி உண்டு. பின்னது பழைய நாளில் பரவலாக நடந்தது. இன்று சாலையில் ஓட்டும் வண்டிக்குச் சட்டம் அதை ஏற்பதில்லை. சட்டம் கடுமையாக இருக்கிறதே என்று சிலர் வருந்தலாம். பட்டறைக்காரரின் கைத்திறனை அது மதிக்கவில்லை என்றும் தோன்றலாம். ஆனால் மிதிக்கும் பிரேக்கு எத்தனை டன்னுக்குச் செய்யப்பட்டது என்பதைக் கைத்திறனால் மட்டும் அறியமுடியாது. மேலும், பதிவுச் சான்றிதழில் ஓர் எஞ்சின் எண்ணும் வண்டியில் வேறோர் எண்ணும் இருந்தால், விபத்து நேர்ந்தபின் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுத்து வழக்காட இடம் உண்டு. தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய்க் கால் இழந்த ஒரு தாய், நீதிமன்றத்தில் எஞ்சின் எண்ணைப் பற்றி வாதாடவேண்டிய நிலை வரக்கூடாது.

ஆகவே, ஊரிலிருந்து கடிதம் வரும்போதோ தொலைபேசி வரும்போதோ, பணம் அனுப்புமுன் சில கேள்விகளைக் கேளுங்கள்.

பழைய எஞ்சின் உண்மையாகவே ஓய்ந்துவிட்டதா? உருளைகளைக் கடைந்து, புதிய பிஸ்டனும் வளையங்களும் போட்டால் அது பழைய வலிமை பெறாதா? பல வேளைகளில் பெறும். நாம் முன்னே பார்த்த கணக்கின்படி, உரிய சுமைக்கு அந்த வலிமை போதும்.

புதிதாக வரும் எஞ்சின் எங்கிருந்து வருகிறது? அதற்கு ரசீது உண்டா? எண் அழியாமல் தெளிவாக இருக்கிறதா? அதே நிறுவனம், அதே வகைதானா?

பதிவு அலுவலகத்தில் விண்ணப்பித்தாயிற்றா? 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற விடை வந்தால் பணத்தையும் பிறகே அனுப்பலாம்.

செலவுக் கணக்கில் பிரேக்குக்கு எவ்வளவு எழுதியிருக்கிறது? டிரம், கட்டை, சக்கர உருளைகள், குழாய்கள், எண்ணெய், வெற்றிடப் பம்பு ஆகிய இவை தனித்தனியே கணக்கில் இருக்கவேண்டும். எஞ்சினுக்கு ஒரு தொகையும் 'மற்றவை' என்று ஒரு சிறு தொகையும் மட்டும் எழுதியிருந்தால் அந்தக் கணக்கு முற்றுப்பெறவில்லை.

கடைசியாக, எஞ்சின் மாறியபின் சுமை கூடுமா? இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்ற விடை வந்தால், அனுப்பவிருந்த பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேயர்களே, நம் மக்களிடம் இயந்திர அறிவுக்குக் குறைவில்லை. 1920ஆம் ஆண்டிலேயே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே பஸ் ஓட்டிய ஜி. டி. நாயுடு பிறந்த நாடு இது. போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது அடுப்புக்கரியின் வாயுவைக் கொண்டு பஸ் ஓட்டிய நாடு இது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் கட்டிய லாரிகள் இன்று காசுமீரம் வரை ஓடுகின்றன. அவற்றை ஓட்டுபவர்களில் பலர் இந்தப் பேச்சைக் கேட்கும் உங்களில் இருக்கலாம். கிடைத்த பொருளைக்கொண்டு நினைத்த காரியத்தை முடிப்பதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். அந்த அறிவு, ஏறுவதற்கு ஒரு பங்கு செலவாகும்போது இறங்குவதற்கு இரண்டு பங்கு செலவாகவேண்டும். பரம்பிக்குளத்துக் காட்டில் கம்பிவடம் கட்டியவர்கள் அப்படித்தான் எண்ணினார்கள். மலை மாறவில்லை, அதன் சரிவும் மாறவில்லை.

ஏறும்போது வண்டி நின்றுவிட்டால் நட்டம் ஒரு நாள் கூலி. இறங்கும்போது நிற்காவிட்டால் நட்டம் என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, உங்கள் தம்பியின் வண்டியில் ஏறி அமருமுன், எஞ்சினைப் பற்றி அவன் பெருமையோடு சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டு முடித்தபின், பிரேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.